மூன்றின் தலை மட்டும் தட்டை

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கீர்த்தனா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. "மேடம், உங்க கொழுக்கட்டை ஃபாண்ட்டை செல்போனுக்கு ஏத்த மாதிரி புதுசா பண்றோம். எல்லா எழுத்தும் செம க்யூட். ஆனா அந்த 3 மட்டும் ஏன் அப்படி இருக்கு? மேல தட்டையா, மூலையோட, வேற ஏதோ ஃபாண்ட்ல இருந்து வந்து உக்காந்த மாதிரி? அதையும் உருட்டிடலாமா?" என்று கேட்டாள். கூடவே, அந்த எழுத்து பிறந்த கதையை ஜாலியாக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள்.

ஜாலியாக எழுத வராது என்று சொல்லிப் பார்த்தேன். குழந்தைகளுக்கான எழுத்தை வரைந்தவள் எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. முப்பது வருடம் ஓரத்தையும் மூலையையும் மழுக்கி மழுக்கி வலது கட்டை விரல் மடங்காமல் போனதுதான் மிச்சம். கண்ணும் முன்போல் இல்லை. ஆனாலும் அந்த 3-ஐப் பற்றிக் கேட்டுவிட்டாள். அதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் வீடு சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில். அப்பா கட்டுமரம் போட்டவர். நான் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் அந்தோணி கடலுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தான். கோயில் திருவிழா போஸ்டர் எழுதி, பிறகு ஓவியத்தில் டிப்ளமா வாங்கி, ஒரு விளம்பரப் பலகைக் கம்பெனியில் ஏணி ஏறி இறங்கி, கடைசியில் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த எழுத்துரு நிறுவனத்தில் வந்து உட்கார்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஊரெல்லாம் கிளம்பியிருந்தது. எழுத்துகளைத் தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, திரையில் ஓரம் பிடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை.

அங்கே எனக்கு மேலே ரங்கநாதன் சார். மாட வீதிக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். பெருக்க வருகிற அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லோரையும் 'நீங்கோ' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது. ஒருமையில் நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு எழுத்து தேறவேண்டுமானால் மூன்று சோதனை. முதலில் தாளைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் வைப்பார். தலைகீழாக இருக்கும்போது அது எழுத்தாகத் தெரியாது, வடிவமாகத் தெரியும். எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் சரிகிறது என்று அப்போது பிடிபடும். அடுத்து, நடைக்கூடத்தின் கடைசிச் சுவரில் ஊசி குத்தி மாட்டி, இந்தக் கோடியில் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். மூன்றாவதுதான் எங்கள் உயிரை எடுக்கும் சோதனை. தாளைக் கீழ்த்தெரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அச்சில் வரும் அளவுக்குச் சின்னதாக்கி ஒரு காப்பி எடுக்க வேண்டும். அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி, அதிலிருந்து இன்னொன்று. இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் கறுப்பு கொஞ்சம் ஊறும், வெள்ளை கொஞ்சம் சுருங்கும். ஏழாவது காப்பியிலும் எழுத்து எழுத்தாகவே இருந்தால், தாளின் மூலையில் பச்சை மசியில் ஒரு டிக்.

"மட்டமான காயிதம், மட்டமான மை, தூங்கி வழியற மெஷின்காரன். நம்ம எழுத்து கடைசில போய்ச் சேர்ற இடம் அதுதான். அங்கே நாம கூடப் போய் நிக்க முடியுமோ? அதனாலதான் இங்கேயே படுத்தறேன்" என்பார்.

தி. நகரில் குழந்தைப் பாட்டுப் புத்தகம் போடும் ஒரு பதிப்பாளர், உருண்டை உருண்டையாக ஒரு எழுத்து வேண்டும் என்று கேட்டு வந்தார். "குழந்தை பார்த்தவுடனே எடுத்துக் கடிக்கணும் சார்" என்றார். அந்த வேலை என்னிடம் வந்தது. ஒரு முனையும் குத்தக்கூடாது, ஒரு கோடும் மெலியக்கூடாது, எல்லா நுனியிலும் ஒரு குமிழ். இரண்டு மாதம் வரைந்தேன். முதல் தாளைப் பார்த்ததும் ரங்கநாதன் சார், "கொழுக்கட்டையை வரிசையா அடுக்கின மாதிரின்னா இருக்கு" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கொழுக்கட்டையில் என்னை அழவைத்தது 'ண'. மூன்று சுழி. கோடு தடிமனாக ஆக, உள்ளே இருக்கும் வெள்ளைக்கு இடமே இல்லை. முதல் தடவை மூன்றாவது காப்பியிலேயே சுழி அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிட்டது. அகலமாக்கினேன், ஐந்தாவதில் அடைத்தது. நடுச் சுழியைக் கொஞ்சம் மேலே தூக்கினேன், ஆறாவது வரை தாங்கியது. "எழுத்தைப் பார்க்காதீங்கோ பிலோமினா, உள்ளே இருக்கற வெள்ளையைப் பாருங்கோ" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டாவது முறை வரைந்ததுதான் ஏழாவது காப்பியில் பிழைத்தது. பச்சை டிக்கைப் பார்த்ததும் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எது அடைத்துக்கொள்ளும், எப்படி அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ் எழுத்துரு செய்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உயிர், மெய், கொம்பு, கால், கொக்கி என்று மாதக்கணக்கில் மாரடித்துவிட்டு, எண்களைக் கடைசி நாள் மத்தியானம் வரைவார்கள். எண்தானே, பத்துதானே, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு அலட்சியம். நானும் அப்படித்தான் செய்தேன். 3-ஐ மிகவும் ஆசையாக வரைந்தேன். மேல் நுனியை உள்ளே சுருட்டி ஒரு குமிழ், கீழ் நுனியை உள்ளே சுருட்டி ஒரு குமிழ். பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கும். தலைகீழாகத் தேறியது, சுவரிலும் தேறியது. ஜெராக்ஸ் கடைக்கு இறங்கிப் போனால், கடைக்காரர் வீட்டில் கல்யாணம் என்று ஷட்டர் இறங்கியிருந்தது. அடுத்த கடைக்குக் கோயில் குளம் வரை நடக்க வேண்டும். வெயில் சுட்டெரித்தது. பதிப்பாளர் அனுப்பிய ஆள் ஃப்ளாப்பிக்காக மாடியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி மேலே வந்துவிட்டேன்.

சார் தலையைத் தூக்காமலே கேட்டார். "நம்பர்ஸ் ஏழாவது ஆச்சா?"

"ஆச்சு சார்" என்றேன்.

இரண்டு மாதம் நான் காட்டிய ஒழுங்கைப் பார்த்தவர், அந்த ஒரு தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை. பச்சை மசியில் டிக் போட்டுவிட்டார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. ஒரு வருடத்துக்குள் கொழுக்கட்டை எங்கே பார்த்தாலும் தெரிந்தது. நர்சரிப் பள்ளிப் பலகை, பிறந்தநாள் அட்டை, ரொட்டிப் பாக்கெட், பாண்டி பஜாரில் குழந்தைத் துணிக்கடை வாசல். பஸ்ஸில் போகும்போது எண்ணிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லவேண்டும் போல நாக்கு துறுதுறுக்கும். பிறகு ஒருநாள் மந்தவெளி மருந்துக்கடையில், குழந்தைகளுக்கான சளி மருந்து பாட்டிலிலும் என் எழுத்தைப் பார்த்தேன். பெயர் பெரிதாக, உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில். எங்கள் வீட்டில் அண்ணனின் மகள் ரோசிக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வேறு மருந்தும் இருந்தது. நான் என் எழுத்து போட்டதைத்தான் வாங்கினேன்.

வீட்டில் பாட்டில் கை மாறி மாறிப் போயிற்று. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். அண்ணி சகாயமேரி மட்டும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பள்ளிக்கூடம் போனதில்லை. காலையில் மீன் கூடையோடு மந்தவெளிப் பக்கம் போய்விட்டு, மத்தியானம் வந்து சமைத்துப் போட்டு, ஒரு வருடமாக மாதா கோயில் ஹாலில் நடந்த பெரியவர்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தேன். கடைப் பலகை, காலண்டர், தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். "பிலோ, உன் எழுத்து எனக்கு சுளுவா வருது. மத்ததெல்லாம் முள்ளு முள்ளா கீது, இது வாய்ல வெச்சா கரையிற மாரி கீது" என்றாள் அன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று அண்ணி மருந்து கொடுத்திருக்கிறாள். மூன்று மணிக்கு அண்ணன் ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து போன் செய்தான். "பாப்பா கண்ணைத் தொறக்க மாட்டேங்குது பிலோ. ஆஸ்பத்திரில கீறோம்."

நான் போய்ச் சேர்ந்தபோது ரோசி கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தாள். கையில் ஊசி. மூச்சு இருந்தது, ஆனால் எண்ணி எண்ணித்தான் வந்தது. டாக்டர் அண்ணியிடம் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். அண்ணி தயங்காமல், "எட்டு. அந்த மூடில கோடு போட்டுக் கீது, அத்தப் பாத்து எட்டு வரிக்கும் ஊத்தினேன்" என்றாள்.

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு மூணு மில்லிம்மா. யாரு உன்னை எட்டு ஊத்தச் சொன்னது? அதுவும் ரெண்டு தடவை?"

"யாரும் சொல்லல சார். நான்தான் படிச்சேன்" என்றாள் அண்ணி.

அந்த வராந்தாவில் அண்ணன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "படிச்சாளாம்! நாலு எழுத்து கத்துக்கினா நீ இன்னா டாக்டரா? தெரியலன்னா பிலோ வர்ற வரிக்கும் கெடந்தா இன்னா?" அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நோட்டும் பேனாவும் வெச்சுக்கினு சுத்தும்போதே நெனச்சேன். எம் பேத்தியக் கொல்லப் பாத்தாளே!" அண்ணி கையில் அந்தப் பாட்டில் இருந்தது. என்னிடம் நீட்டி, "நீ பாரு பிலோ" என்றாள்.

பார்த்தேன். பின்பக்கம் ஒரு சின்னக் கட்டம். தாய்மார்களுக்குப் புரியட்டும் என்று அளவைத் தமிழில் போட்டிருந்தார்கள். விளம்பரம் செய்தவருக்கு என் எழுத்து பிடித்துப்போய், எறும்பு சைஸில் அந்தக் கட்டத்துக்கும் அதையே போட்டுவிட்டார். பெரிதாகப் போடுவதற்கென்று செய்த எழுத்து அது. மை ஊறி, மேல் குமிழும் கீழ்க் குமிழும் நடுக்கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அது 8. யார் பார்த்தாலும் 8.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வாயைத் திறந்து, அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி" என்று சொல்லிப் பாட்டிலை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ரோசி கண்ணைத் திறந்து பால் கேட்டாள். அம்மாவும் அண்ணனும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனார்கள். நான் அலுவலகத்துக்குப் போய்ப் பாட்டிலை ரங்கநாதன் சார் மேசையில் வைத்தேன். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எந்த ஆத்துக் குழந்தை?"

"தெரிஞ்சவங்க சார்" என்றேன். அங்கேயும் பாதிதான் சொன்னேன்.

"பொழைச்சுடுத்தோ?"

"பொழைச்சிடுச்சு சார்."

"நம்பர்ஸோட ஏழாவது காப்பியைக் கொண்டுவாங்கோ."

"இல்ல சார்."

"தொலைஞ்சு போச்சோ?"

"எடுக்கவே இல்ல சார்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எண்கள் வரைந்த தாளை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே படியிறங்கிப் போனார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முக்கால் மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்தார். ஏழு தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் 3 சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில் வாய் சுருங்கியிருந்தது. நான்காவதில் அது 8. "நாலு" என்றார் சார். 'ண'வுக்கு எட்டு தடவை வரைந்தவள் நான். இதற்கு நாலு காப்பி எடுத்திருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்தும் சார் எழுதிய கடிதத்திலிருந்தும் விஷயம் மருந்துக் கம்பெனிக்குப் போனதும் அங்கிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டைப் அடித்த ஒரு கடிதம். எண் தெளிவாகத்தான் உள்ளது, படித்தவர் தவறாகப் படித்ததால் ஏற்பட்டது என்று எங்கள் நிறுவனம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். "படிச்ச ஜனங்க யாரும் இதைத் தப்பா படிக்க மாட்டாங்க சார். குப்பத்துல எவளோ ஒரு தற்குறி ஊத்தினதுக்கு மார்க்கெட்ல இருக்கிற பாட்டிலையெல்லாம் திருப்பி எடுக்க முடியுமா?" என்றார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் பேசவில்லை.

சார் இழுப்பறையிலிருந்து ஆறு பாட்டில்களை எடுத்து வைத்தார். அன்று காலை வரும் வழியில் ஆறு கடையில் ஆறாக வாங்கியிருக்கிறார். "படிச்சுண்டே வாங்கோ" என்றார். அந்த மனிதர் அலுத்துக்கொண்டே படித்தார். "மூணு. மூணு. மூணு. எட்டு..." அங்கே நின்றுவிட்டார்.

"நீங்கோ எந்தக் குப்பம்?" என்று கேட்டார் ரங்கநாதன் சார்.

அதற்குப் பிறகு பாட்டில்கள் திரும்ப எடுக்கப்பட்டன. சாதா எழுத்தில் புது லேபிள் வந்தது. அந்தக் கம்பெனியும் அதன் விளம்பரக்காரரும் எங்கள் படி ஏறவே இல்லை. கொழுக்கட்டை ஃப்ளாப்பியை சார் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஒழுங்கா ஒரு மூணு வரட்டும், அப்புறம் வெளில விடலாம்" என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "ஆனா ஒண்ணு. இனிமே நீங்கோ 'ஆச்சு'ன்னா நான் நம்பமாட்டேன். தாளைக் காட்டணும்" என்றார். அவர் ஓய்வு பெறும் வரை ஒன்பது வருடம் அப்படியேதான் நடந்துகொண்டார். நான் ஒரு நாளும் தாளில்லாமல் அவர் முன்னால் போய் நின்றதில்லை.

வீட்டில் நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் போயிற்று. ரோசிதான் நன்றாக இருக்கிறாளே, ஆறின விஷயத்தைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெறும் கோழைத்தனம். படித்து ஆபீஸ் போகிற தங்கச்சி என்று அண்ணன் குப்பம் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பெருமையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. விஷயம் ஆறவும் இல்லை. தண்ணி பிடிக்கிற இடத்தில், மீன் ஏலத்தில், "மருந்து மாத்திக் குடுத்தவ" என்று அண்ணிக்குப் பேராகிவிட்டது. அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த நோட்டை அடுப்பு பற்ற வைக்கக் கிழித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். பார்த்துவிட்டும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், அலுவலகம் முடிந்து லஸ் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். தி. நகரில் ரோசிக்குக் கவுன் எடுக்கக் கிளம்பியிருக்கிறாள். நான் பின்னால் நின்றதை அவள் பார்க்கவில்லை. பஸ் வந்தது. நெற்றியில் பெரிய எழுத்தில் 12B. அண்ணி பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டாள். "எக்கா, இது இன்னா நம்பரு?"

அண்ணிக்கு பஸ் நம்பர் சின்ன வயதிலிருந்தே தெரியும். எழுத்துத் தெரியாத காலத்திலும் நம்பர் தெரியும். மீன் விற்கிறவளுக்கு நம்பர் தெரியாமலா? அந்தப் பெண் "பன்னெண்டு பி" என்று சொன்ன பிறகும் அண்ணி ஏறவில்லை. இன்னொருவரிடம் திரும்பி, "பன்னெண்டுதான?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் போய்விட்டது.

நான் அவளைக் கூப்பிடாமல் திரும்பி மாடி ஏறினேன். சார் இன்னும் கிளம்பவில்லை. "சார், அந்த ஏழு தாளும் வேணும். வீட்டுக்குக் கொண்டுபோகணும். அந்தக் குழந்தை எங்க அண்ணன் பொண்ணு. ஊத்தினது எங்க அண்ணி" என்றேன்.

பீரோவைத் திறந்து உறையையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார். "நாலு மாசமாவா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, அண்ணனும் அம்மாவும் இருக்கும்போதே ஏழு தாளையும் தரையில் பரப்பினேன். பையிலிருந்து அந்தப் பாட்டிலையும் எடுத்து வைத்தேன். நான் என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை, சாரிடம் என்ன பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலில் போட்டிருந்தது எட்டுதான் என்றேன். அண்ணன் கையில் இருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டான். அம்மா, "போனது போச்சு. பாப்பா நல்லா கீதுல்ல. இத்தப் போய் இப்ப இன்னாத்துக்குப் பேசிக்கினு" என்றாள்.

அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளாக விரல் வைத்துக்கொண்டே போனாள். "மூணு. மூணு. மூணு." நான்காவது தாளில் விரல் நின்றது.

"அப்போ நான் படிச்சது சரிதானா?"

"சரிதான் அண்ணி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நாலு மாசம் என் கையால சோறு துன்னுக்கினு கீறியே பிலோ" என்றாள். எழுந்து போய்விட்டாள். அண்ணன் அவள் பின்னாலேயே போனான். வெளியில் அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு வருடத்தில் யாரும் என்னிடம் இதைவிடக் கடுமையாக எதையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

அதன் பிறகு ஒரு மாதம் அண்ணி என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து 3 வரைந்துகொண்டிருந்தேன். வாயை அகலமாக்கினால் உடம்பு பூசணிக்காய் ஆனது. குமிழைச் சின்னதாக்கினால் மற்ற எண்களோடு ஒட்டவில்லை. எதைச் செய்தாலும் ஐந்தாவது ஆறாவது காப்பியில் வாய் மூடிக்கொண்டது. ஒருநாள் அண்ணி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பென்சிலக் குடு" என்றாள்.

என் தாளிலேயே, ஓரத்தில் எழுதினாள். மேலே ஒரு நேர்கோடு. அங்கிருந்து சாய்வாக ஒரு கோடு கீழே. அப்புறம் ஒரே ஒரு வயிறு. குழந்தை எழுதுவதுபோல், கையை ஊன்றி ஊன்றி.

"டீச்சரு எனக்கு மூணு இப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்கோ. இத்த மூடு. எப்டி மூடுவேன்னு பாக்கிறேன்" என்றாள்.

மூட முடியவில்லை. தடிமனாக்கி, நுனியில் மட்டும் லேசாக உருட்டி, ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். ஏழு காப்பி தாங்கியது. விடாமல் பதினான்கு வரைக்கும் எடுத்தேன். கறுத்து, தேய்ந்து, அப்போதும் 3 ஆகவே இருந்தது. சார் தலைகீழாகப் பார்த்தார், சுவரில் மாட்டிப் பார்த்தார். "அழகா இல்லை. கூட்டத்தோட சேரவும் இல்லை" என்றார். பிறகு பச்சைப் பேனாவைத் திறந்தார். "இது உங்க கை இல்லையே?"

"எங்க அண்ணி சார்" என்றேன்.

டிக் போட்டார்.

கீர்த்தனா, நீ கேட்ட 3 இதுதான். இதற்குப் பிறகு நான் எத்தனையோ எழுத்து செய்தேன். எல்லாவற்றிலும் எண்களைத்தான் முதலில் வரைந்தேன். அண்ணி அடுத்த வருடம் மறுபடி வகுப்புக்குப் போனாள். என்னோடு பழையபடி பேச அவளுக்கு அதைவிட நாளாயிற்று. பழையபடி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவளைக் கேட்டால் என்ன சொல்வாளோ.

மாற்றலாமா என்று நீ கேட்டதற்கு என்னால் ஆம், இல்லை சொல்ல முடியாது. அது என் எழுத்து அல்ல. அதனால் போன ஞாயிறு அண்ணியிடமே போய்க் கேட்டேன். கொட்டிவாக்கத்தில் ரோசி வீட்டில் இருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பேத்தியின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னதைச் சொன்னேன். அந்த மூணு நன்றாக இல்லையாம், உருட்டப் போகிறார்களாம் என்றேன்.

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "உருட்டிக்கட்டும். உருட்டிட்டு ஏழு காப்பி எடுத்துக்கினு வரச் சொல்லு. நான் படிச்சுப் பாத்து சொல்றேன்."